ஓய்வுபெற்ற வணிகத் தூதர் ஒருவரின் பணிவாழ்வைப் பதிவு செய்வது எப்படி

நாடுகளுக்கிடையிலான வணிக ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் அமைச்சரின் கையெழுத்து இருக்கும். அந்த ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பிரிவில் ஒரே ஒரு சொல்லைச் சேர்ப்பதற்காகவோ நீக்குவதற்காகவோ ஆண்டுக்கணக்கில் வாதாடிய அதிகாரியின் பெயர் அதில் எங்கும் இருக்காது. அவர் அனுப்பிய மறைகுறித் தந்திகள் கோப்புகளில் அடங்கிவிடும்; அவர் உட்கார்ந்து பேசிய சிறிய அறைகளில் பெரும்பாலும் நடவடிக்கைக் குறிப்பு எழுதப்பட்டிருக்காது; அவரோடு பேசிய எதிர்த்தரப்பு அதிகாரி வேறொரு நாட்டில் ஓய்வுபெற்றிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். ஆகவே அந்த வேலை எப்படி நடந்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்று, எண்பது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒருவருடைய நினைவு மட்டுமே.

சென்னையில் வாழும் இத்தகைய அதிகாரிகள் சிலரிடம் அமர்ந்து கேட்டு எழுதிய அனுபவத்தில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வெளிநாடுகளில் இதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1986இல் தொடங்கப்பட்ட தூதரகவியல் ஆய்வு மற்றும் பயிற்சிச் சங்கம் எடுத்த நேர்காணல்கள் 2,500ஐத் தாண்டிவிட்டன. பிரிட்டன் தூதர்களுடைய நேர்காணல்கள் கேம்பிரிட்ஜில் உள்ள சர்ச்சில் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. நம் நாட்டில் ஓய்வுபெற்ற தூதர்களின் சங்கம் டெல்லியிலிருந்து வெளியிடும் இதழில் வாய்மொழி வரலாற்றுக்கு ஒரு பகுதி உண்டு. தமிழில் இம்முயற்சி மிகக் குறைவு. உங்கள் தாத்தாவோ, பெரியப்பாவோ, பக்கத்து வீட்டில் காலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் பெரியவரோ இத்துறையில் இருந்தவராக இருந்தால், நீங்களே இதைச் செய்யலாம். தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்.

எந்தப் பணியைச் சேர்ந்தவர்?

பேசத் தொடங்குவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, அவர் எந்தப் பணியிலிருந்து வந்தவர் என்பது. வெளிநாட்டில் தூதராக இருந்தவர் என்றாலே இந்திய வெளியுறவுப் பணி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வணிகத் துறையில் அது எப்போதும் உண்மையன்று. 1946 அக்டோபர் 9 அன்று உருவாக்க முடிவெடுக்கப்பட்ட வெளியுறவுப் பணியைச் சேர்ந்தவர்கள் தூதரகங்களின் வணிகப் பிரிவுகளில் முதல் செயலராகவோ ஆலோசகராகவோ பணியாற்றினார்கள். ஆனால் ஜெனீவாவில் முதலில் காட் (சுங்கவரி, வணிகம் பற்றிய பொது ஒப்பந்தம்) அமைப்புக்கும் பிறகு உலக வர்த்தக அமைப்புக்கும் இந்தியத் தூதராக அமர்ந்தவர்களில் பெரும்பாலோர், வணிக அமைச்சகம் தேர்ந்தனுப்பிய ஆட்சிப்பணி அதிகாரிகள். முன்னவர் ஒரு நாட்டின் அரசியலையும் மொழியையும் சந்தையையும் சேர்த்துப் பார்த்தவர். பின்னவர் டெல்லியில் கோப்பு எழுதிவிட்டு, அந்தக் கோப்பையே ஜெனீவாவில் வாதாடியவர். இருவரிடமும் ஒரே கேள்விப் பட்டியலை நீட்டினால் ஒருவரிடமிருந்து ஒன்றும் கிடைக்காது.

பணியில் சேர்ந்த ஆண்டு தெரிந்தால் மற்றவற்றைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மத்திய அரசு அதிகாரிகளுக்கு 1998 வரை ஓய்வு வயது 58. அவ்வாண்டு அது 60 ஆக உயர்த்தப்பட்டது. பிறந்த ஆண்டையும் இந்தக் கணக்கையும் வைத்துக்கொண்டு, எந்த நிகழ்வின்போது அவர் எந்தப் படிநிலையில் இருந்திருப்பார் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ளவும். மூன்றாம் செயலராக இருந்தவரிடம் கொள்கை முடிவைப் பற்றிக் கேட்பது பயனற்றது. அந்த வயதில் அவர் வரைவைத் தட்டச்சுக்குக் கொடுத்து, பிழை பார்த்து, நள்ளிரவில் பிரதி எடுத்தவராக இருந்திருப்பார். அந்த வேலையைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்.

ஒரு தாளில் காலவரிசை

நேர்காணலின் தரம் நீங்கள் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் படித்ததைப் பொறுத்தே அமையும். ஒரு நீளமான தாளை எடுத்து இடப்பக்கத்தில் அவருடைய பதவிகளையும் வலப்பக்கத்தில் உலக வணிகத்தில் அந்தந்த ஆண்டுகளில் நடந்தவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் சந்திக்கும் இடங்கள்தாம் உங்கள் கேள்விகள் பிறக்கும் இடங்கள்.

வலப்பக்கத்தில் எழுத வேண்டியவற்றில் சில தவிர்க்க முடியாதவை. 1947 அக்டோபர் 30 அன்று ஜெனீவாவில் 23 நாடுகள் காட் ஒப்பந்தத்தை ஏற்றன. இந்தியாவும் இலங்கையும் அந்த முதல் வரிசையில் இருந்தன. 1964இல் ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி மாநாட்டு அமைப்பான அன்க்டாட் பிறந்தது; அதன் இரண்டாம் மாநாடு 1968இல் டெல்லியில் நடந்தது. 1974 முதல் பல்லிழை ஒப்பந்தத்தின் கீழ் துணி, ஆடை ஏற்றுமதிகளுக்குக் கோட்டா, அதாவது அளவு வரம்பு, வந்தது. காட் நாடுகளின் பெரும் பேச்சுவார்த்தையான உருகுவே சுற்று 1986 செப்டம்பரில் புன்டா டெல் எஸ்டே நகரில் தொடங்கி, 1993 டிசம்பர் 15 அன்று பேச்சு முடிந்து, 1994 ஏப்ரல் 15 அன்று மராகெஷில் கையெழுத்தானது. 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு செயல்படத் தொடங்கியது. அந்த அமைப்பின் அமைச்சர்கள் கூடிய தோஹா மாநாடு 2001 நவம்பரில் நடந்தது. ஜவுளிக் கோட்டா முற்றாக நீங்கியது 2005 ஜனவரி 1 அன்று.

சோவியத் ஒன்றியத்தோடு 1953இல் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையையும், அதன் தொடர்ச்சியாகப் பல பத்தாண்டுகள் நடந்த ரூபாய் வணிகத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மாஸ்கோவில் பணியாற்றியவரிடம் அதைக் கேட்காமல் திரும்பக் கூடாது. அந்நியச் செலாவணி புழங்காமல், இரு நாட்டுக் கணக்கேடுகளிலேயே வரவும் செலவும் நேராகும்படி தேயிலையையும் தோலையும் பின்னலாடையையும் அனுப்பி, இயந்திரத்தையும் எண்ணெயையும் ஆயுதத்தையும் வாங்கிய அந்த ஏற்பாட்டில், ஆண்டுதோறும் எந்தப் பொருள் எவ்வளவு என்று ஒரு பட்டியல் போடப்படும். அந்தப் பட்டியலை உட்கார்ந்து போட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

நீங்கள் இலங்கையில் இருந்து, அந்நாட்டு வெளியுறவுப் பணியினரைச் சந்திக்கிறீர்கள் என்றால் வரிசை சற்று மாறும். 1952இல் சீனாவோடு செய்த ரப்பர்–அரிசி உடன்படிக்கை, ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசிக்கு 50,000 டன் ரப்பர் என்ற அளவில் அமைந்தது; அந்தத் தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் 1974 முதல் 1984 வரை அன்க்டாட் பொதுச்செயலாளராக இருந்த காமனி கொரியாவின் காலத்தில் ஜெனீவாவில் இளம் அதிகாரியாக இருந்தவர்களையும், 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக உடன்படிக்கையைப் பேசியவர்களையும் இன்றும் காணலாம்.

படிப்பதற்கு ஆவணங்கள் எங்கே கிடைக்கும் என்றால், காட் அமைப்பின் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் இன்று எவரும் இணையத்தில் பார்க்கும்படி திறந்துவிடப்பட்டுள்ளன. நாடாளுமன்ற விவாதங்களும் அவ்வாறே. டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் தன் கோப்புகளில் ஒரு பகுதியை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பழைய செய்தித்தாள்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகம் போதுமானது.

அமரும் இடமும் ஒலியும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் புறக்கணிக்கக் கூடாது. என் முதல் நேர்காணல் ஓர் ஏப்ரல் மாதப் பிற்பகலில் நடந்தது. இரண்டு மணி நேரம் அவர் மிக அருமையாகப் பேசினார். வீட்டுக்கு வந்து கேட்டபோது, தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறியின் இரைச்சலில் பாதிச் சொற்கள் கரைந்துபோயிருந்தன. மறுபடியும் கேட்டபோது அவர் சொன்னார். ஆனால் முதல் முறை சொன்னபோது குரலில் இருந்த பதற்றம் இரண்டாம் முறை இல்லை. அதன்பிறகு விசிறியை நிறுத்தக்கூடிய காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரையிலான நேரத்தையே கேட்டு வாங்குகிறேன். சட்டையில் மாட்டும் சிறிய மைக் ஒன்றும், தனியாக ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், காப்பாக உங்கள் செல்பேசியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஓர் அமர்வு தொண்ணூறு நிமிடங்களைத் தாண்டக் கூடாது. ஒருவருக்குப் பத்து முதல் பதினைந்து அமர்வுகள் வரை ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் கால அட்டவணைக்குப் பழகியவர்கள், தெளிவாகச் சொன்னால் மகிழ்வார்கள். வீட்டில் எந்த முறையில் அழைப்பீர்களோ தெரியாது. பதிவின்போது “சார்” என்றே அழையுங்கள். நாற்பது ஆண்டுகள் அவர் காதில் விழுந்த அழைப்பு அதுதான். அதைக் கேட்டதும் அலுவலக நினைவுகள் தாமாக முன்வருகின்றன.

கேள்விகள்

“உங்கள் மிகப்பெரிய சாதனை எது?” என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். கிடைத்த விடை, குடியரசு நாள் விருந்தில் தூதர் ஆற்றும் உரையைப் போல இருந்தது; அதில் நட்புறவு இருந்தது, பரஸ்பர நலன் இருந்தது, அவர் இல்லை. எதையும் வெளிப்படுத்தாமல் பேசுவதில் நாற்பது ஆண்டுகள் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பொதுவான கேள்வியைக் கேட்டால் பொதுவான விடைதான் வரும். அது அவர் குற்றமன்று.

சிறிய, தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளைக் கேளுங்கள். அன்று எந்த அறை, எத்தனை பேர், எவர் பேனாவைப் பிடித்திருந்தார், வரைவு எந்த மொழியில் இருந்தது, எந்தச் சொல்லில் வந்து நின்றது, டெல்லியிலிருந்து வந்த அறிவுரையில் என்ன இருந்தது, அந்த அறிவுரை வருவதற்கு எத்தனை மணி நேரம் ஆனது, அது வருவதற்குள் நீங்களாக என்ன முடிவெடுத்தீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியை மறவாமல் கேட்க வேண்டும். தலைநகருக்கும் பேச்சுவார்த்தை மேசைக்கும் இடையில் இருந்த அந்த வெற்று நேரத்தில்தான் வணிகத் தூதர் தன் சொந்த மதியை நம்பிச் செயல்பட்டிருப்பார்.

ஒருமுறை, பின்னலாடைக் கோட்டா பற்றிய ஒரு பேச்சுவார்த்தையை எனக்கு விளக்கிக்கொண்டிருந்த பெரியவர், சொற்களால் முடியாமல் எழுந்து உள்ளே போய், சமையலறையிலிருந்து டம்ளர்களைக் கொண்டுவந்து டீப்பாயின் மேல் இரண்டு வரிசையாக அடுக்கினார். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் ஆறு. “இவர் தலைவர், இவர் எண்களைப் பார்ப்பவர், இவர் ஜவுளி ஆலைகளின் சார்பில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்” என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி டம்ளரின் மேல் ஒரு மூடியை வைத்தார். “இவர் மூன்று நாளும் வாய் திறக்கவே இல்லை. வழக்கறிஞர். அவர் எப்போது குறிப்பேட்டை மூடுகிறாரோ அப்போது அவர்களுக்கு அந்தப் பிரிவு சம்மதம் என்று நான் தெரிந்துகொண்டேன்.” இதை எந்த ஆவணத்திலும் நீங்கள் படிக்க முடியாது. அன்று முதல் ஒவ்வொரு நேர்காணலுக்கும் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துச்செல்கிறேன். உட்கார்ந்திருந்த முறையை வரைந்து தரும்படி கேட்கிறேன். வரையும்போது கை நினைவுகூர்கிறது.

கோட்டாக் காலத்தில் பணியாற்றியவரிடம் பேசுவதற்கு அவர்களுடைய சொற்கள் சில உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல்லிழை ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு வகைக்கும் ஆண்டுதோறும் பொதுவாக ஆறு விழுக்காடு வளர்ச்சி தரப்பட வேண்டும். அதற்கு மேல், ஒரு வகையில் மிஞ்சியதை வேறு வகைக்கு மாற்றுவது ஸ்விங்; சென்ற ஆண்டில் மிஞ்சியதை இந்த ஆண்டுக்குக் கொண்டுவருவது கேரி ஓவர்; அடுத்த ஆண்டின் பங்கிலிருந்து கடன் வாங்குவது கேரி ஃபார்வர்ட். அமெரிக்கச் சந்தைக்கான 338, 339 என்ற எண்கள் பருத்திப் பின்னல் சட்டைகளைக் குறிப்பவை; திருப்பூரில் அக்காலத்தில் ஏற்றுமதி செய்தவர்களுக்கு இவை வீட்டு எண்களைப் போலத் தெரியும். “338இல் ஸ்விங் எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு கிடைத்தது?” என்று நீங்கள் கேட்ட மாத்திரத்தில் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த இரண்டு விழுக்காட்டுக்கும் மூன்று விழுக்காட்டுக்கும் இடையே எத்தனை தையல் இயந்திரங்கள் ஓடின, எத்தனை பேருக்குச் சம்பளம் கிடைத்தது என்பதை அவர் அறிந்திருப்பார். அதை அறிந்த ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்தால்தான் சொல்வார்.

உருகுவே சுற்றில் இருந்தவரிடம் சதுர அடைப்புக்குறிகளைப் பற்றிக் கேளுங்கள். பேச்சுவார்த்தை வரைவில் எந்தச் சொல் இன்னும் ஏற்கப்படவில்லையோ அது சதுர அடைப்புக்குள் நிற்கும். ஒரே வாக்கியத்தில் மூன்று நான்கு அடைப்புகள் அடுத்தடுத்து வரும். ஓர் அடைப்பை நீக்குவதற்கு ஒரு வாரம் ஆகும். 1991 டிசம்பர் 20 அன்று காட் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கல், தீராமல் நின்ற இடங்களில் தாமே முடிவுகளை எழுதி, அடைப்புகளற்ற ஒரு முழு வரைவை வெளியிட்டார். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ‘டங்கல் திட்டம்’ என்று அடிபட்டது அதுவே. விதையும் மருந்தும் பறிபோகும் என்று உழவர் அமைப்புகள் ஊர்வலம் போனதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதே டிசம்பரில் ஜெனீவாவில் அந்தத் தாள்கட்டைக் கையில் வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பியவரிடம், முதலில் எந்தப் பிரிவைத் தேடினீர்கள் என்று கேளுங்கள். ஜவுளியா, வேளாண்மையா, காப்புரிமையா என்பதில் அவருடைய பணி முழுவதும் அடங்கியிருக்கும்.

இதே காலத்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 1988 டிசம்பரில் மான்ட்ரியலில் நடந்த இடைக்கால ஆய்வில் வேளாண்மை, ஜவுளி, அறிவுசார் சொத்துரிமை, இறக்குமதி திடீரெனப் பெருகும்போது எடுக்கும் பாதுகாப்பு நடவடிக்கைகள் ஆகிய நான்கிலும் உடன்பாடு எட்டப்படவில்லை. 1989 ஏப்ரலில் ஜெனீவாவில் அவை தீர்க்கப்பட்டபோது, அறிவுசார் சொத்துரிமை விதிகளையே காட் மேசையில் பேசக் கூடாது என்ற தன் நிலையிலிருந்து இந்தியா இறங்கி வந்தது. அடுத்த மாதமே அமெரிக்கா, நியாயமற்ற வணிகத் தடைகள் வைப்பதாகத் தான் கருதும் நாடுகள் மீது நடவடிக்கை எடுக்க உதவும் தன் சூப்பர் 301 சட்டப்பிரிவின் கீழ் ஜப்பான், பிரேசிலோடு இந்தியாவையும் குறிப்பிட்டது. அந்த ஏப்ரலில் என்ன நடந்தது என்பதைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கம் உண்டு. சிலருக்கு ஆறாத வருத்தமும் உண்டு. வாதிடாமல் கேளுங்கள். வெவ்வேறு விளக்கங்களை அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பைப் பின்வருபவர்களுக்குத் தருவதுதான் பதிவு செய்பவரின் வேலை.

ஒரே ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து ஆண்டுகளைக் கடப்பதும் மிக நல்ல முறை. தோஹாவில் வணிக அமைச்சர் முரசொலி மாறன் தலைமையில் சென்ற இந்தியக் குழு, முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், வணிக நடைமுறை எளிதாக்கல் என்ற நான்கு புதிய பொருள்களையும் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவருவதை எதிர்த்து நின்றது. 13ஆம் தேதி முடிய வேண்டிய மாநாடு மறுநாளுக்கு நீண்டது. அடுத்த மாநாட்டில் ‘வெளிப்படையான கருத்தொற்றுமை’ இருந்தால்தான் அவற்றைப் பேச முடியும் என்ற சொற்றொடரும், எந்த ஓர் உறுப்பு நாடும் அதைத் தடுத்து நிறுத்தலாம் என்று மாநாட்டுத் தலைவர் அவையில் அளித்த விளக்கமும் கிடைத்தன. 2003 செப்டம்பரில் கான்குன் மாநாடு முறிந்தது. 2004 ஆகஸ்டில் நான்கில் மூன்று கைவிடப்பட்டன. எஞ்சிய நான்காவது, 2013இல் பாலியில் உடன்பாடாகி 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பாதையில் எந்த இடத்திலாவது உங்கள் பெரியவர் நின்றிருந்தால், அந்தச் சொற்றொடரைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள்.

அமைதியாக இருப்பது என்பதை அழுத்திச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருபது விநாடி பேசாமல் இருந்தால், நாம் பதறி அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அந்த இருபது விநாடிக்குப் பின் வருவதுதான் பெரும்பாலும் வேறெங்கும் கிடைக்காதது.

சட்டமும் ஒப்புதலும்

1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியங்கள் சட்டம் ஓய்வுபெற்ற பின்னும் அதிகாரியைக் கட்டுப்படுத்தும். அவர் ஒன்றைச் சொல்ல மறுத்தால் மறுமுறை வற்புறுத்தாதீர்கள். அரசுக் கோப்பின் பிரதி எதையாவது அவர் வீட்டில் வைத்திருந்தாலும், அதைப் படம் எடுக்கவோ எடுத்துவரவோ கூடாது. அவருடைய சொந்த நாட்குறிப்பு, வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், விருந்து அழைப்பிதழ்கள், புகைப்படங்கள் ஆகியவை வேறு. நிலையான மதிப்புள்ள அரசு ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டத்தை ஒட்டிய விதி. எனவே அவர் குறிப்பிடும் கோப்பு அங்கே வந்துசேர்ந்திருக்கிறதா என்று முறைப்படி தேடலாம். வந்திருந்தால் அந்தப் பிரதியை அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். தன் கையெழுத்தை முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது அவருக்கு நினைவு வரும் செய்திகள் ஏராளம்.

ஒப்புதல் கடிதம் எளிய தமிழில் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பதிவை யார் வைத்திருப்பார், யார் கேட்கலாம், எப்போது வெளியிடலாம், எந்தப் பகுதியை அவர் வாழ்நாள் வரை மூடி வைக்க வேண்டும் என்பவற்றை அதில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மூடி வைப்பதாக வாக்களித்ததை மூடியே வைத்திருங்கள்.

குடும்பத்தாரிடமும் கேட்க வேண்டும்

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடு மாறிய வீட்டின் கணக்கை அந்த வீட்டின் அம்மாதான் சொல்ல முடியும். எந்த ஊரில் அரிசி கிடைக்கவில்லை, எந்த நாட்டில் பிள்ளை பள்ளியில் ஒரு வார்த்தை பேசாமல் ஓர் ஆண்டு இருந்தான், பொருள் வாங்க வந்த வெளிநாட்டு வணிகர்கள் பதினெட்டுப் பேருக்கு எவ்வாறு ஒற்றை அடுப்பில் சமைத்துப் போட்டார் என்பவையெல்லாம் வணிகத் தூதரின் பணிவாழ்வில் சேர்ந்தவையே. பல வேளைகளில் ஒரு கொள்முதல் ஆணை கையெழுத்தானது அந்தச் சாப்பாட்டு மேசையில். அவரைத் தனியாக, வேறொரு நாளில் சந்தியுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால், “அவர் சொல்வார்” என்று ஒதுங்கிவிடுவார்.

அதிகாரியே பெண்ணாக இருந்தால் கேள்விகள் இன்னும் நுட்பமாக வேண்டும். சென்னையில் படித்து, வெளியுறவுப் பணியில் 1949இல் சேர்ந்த முதல் பெண்ணான சி. பி. முத்தம்மா, திருமணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அதற்கு முன்னும் பின்னும் சேர்ந்த பெண் அதிகாரிகளின் பணிநாட்கள் ஒன்றுபோல் இருந்திருக்க முடியாது. எந்த நாட்டுப் பணியிடங்கள் பெண் என்பதால் மறுக்கப்பட்டன என்று நேராகவே கேட்கலாம். பெரும்பாலும் நேரான விடையே வரும்.

எழுத்தில் கொண்டுவருதல்

ஒருமணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறேழு மணி நேரம் ஆகும். பேசியபடியே எழுதுங்கள். இந்தத் தலைமுறை அலுவலகத்தை ஆங்கிலத்திலும் ஆத்திரத்தை தமிழிலும் பேசும். எந்த இடத்தில் மொழி மாறுகிறது என்பதே ஒரு செய்தி. தமிழில் செம்மைப்படுத்தும்போது துறைச் சொற்களைப் படாதபாடு படுத்த வேண்டாம். நான்-பேப்பர் என்பது எந்த நாட்டுக்கும் பொறுப்பில்லாமல் மேசையில் வைக்கும் கருத்துத் தாள். டிமார்ஷ் என்பது ஓர் அரசு தன் தூதர் வழியே மற்றோர் அரசிடம் முறைப்படி எடுத்துவைக்கும் கோரிக்கை அல்லது கண்டனம். கிரீன் ரூம் என்பது தலைமை இயக்குநர் சில நாடுகளை மட்டும் அழைத்துப் பேசும் கூட்டம். முதல் முறை விளக்கிவிட்டு, பிறகு அவர்கள் சொல்லும் சொல்லையே வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுகள் நிச்சயம் பிசகும். 1990 டிசம்பரில் உருகுவே சுற்றின் பிரஸ்ஸல்ஸ் மாநாடு முறிந்ததையும் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு மான்ட்ரியலில் நடந்ததையும் ஒன்றாகக் கலந்து சொன்னவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இரண்டும் டிசம்பர், இரண்டிலும் கடுங்குளிர், இரண்டிலும் பேச்சு நின்றது. பிழையை எழுத்துப் பிரதிக்குள் திருத்தாதீர்கள். அடிக்குறிப்பில் சரியான ஆண்டைக் காட்டி, அடுத்த அமர்வில் அவரிடமே மென்மையாகக் கேளுங்கள்.

எழுதி முடித்த பிரதியை அவர் படித்துத் திருத்த வேண்டும். பழைய பழக்கத்தில் பச்சை மையிலோ பென்சிலிலோ ஓரத்தில் குறிப்பு எழுதித் தருவார்கள். ஏறத்தாழ எல்லோரும் செய்யும் ஒரு திருத்தம் உண்டு: “நான் சொன்னேன்” என்ற இடங்களை அடித்து, “சொல்லப்பட்டது” என்றோ “நாங்கள் சொன்னோம்” என்றோ மாற்றிவிடுவார்கள். திருத்திய பிரதியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பிரதியையும் அவர் அனுமதியோடு உறையிலிட்டு வையுங்கள். பிறகு, திருத்திய பிரதியோடு இன்னும் ஒரு காலை அவரிடம் போய், ‘நாங்கள்’ வரும் ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்து, அந்த நாங்கள் யார் யார் என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசிய இடங்களில் இது இன்னும் தேவை, ஏனெனில் அங்கே எதிர்த்தரப்பையும் சேர்த்த நாமா, எதிர்த்தரப்பை விலக்கிய நாங்களா என்பது தமிழில் எழுதும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அப்போதுதான் இரவு இரண்டு மணிக்கு வரைவைத் தட்டச்சு செய்த ஸ்டெனோகிராபரின் பெயரும், தந்தியை மறைகுறியாக்கிய உதவியாளரின் பெயரும், புள்ளிவிவரத்தைக் கூட்டிச் சரிபார்த்த இளம் செயலரின் பெயரும், சில வேளைகளில் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு சொல்லை விட்டுக்கொடுத்த வேற்று நாட்டுக்காரரின் பெயரும் வெளியே வரும். அவற்றை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.